மெசேஜ் வரேல்லையா?

போன செவ்வாய்க்கிழமை அம்மா விடிய நாலரைக்கே எழும்பி, குளித்து, வெறும் வயிற்றோடு கிளினிக்குக்கு வெளிக்கிட்டார். சீனி வருத்தக்காரர் எல்லாருக்கும் தெரியும், சாப்பிடாமல் போய் இரத்தம் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகுதான் வாயில் ஏதும் வைக்கலாம். கிளினிக் கொப்பியை ஒரு சிலி சிலி பேக்கில் சுற்றி, அதை இன்னொரு பேக்கில் போட்டு, கூடவே இரண்டு துண்டு பாணும் கொஞ்சம் சம்பலும். ஐந்தேமுக்காலுக்கு ஓட்டோ. போய் வாங்கில் இருந்து, எட்டரை மட்டும் இருந்து, பெயர் கூப்பிடாமல் இருக்கப் பொறுக்காமல் எழும்பிக் கேட்டபோது அங்கே நின்ற பிள்ளை, "அம்மா, உங்கட திகதியை வியாழக்கிழமைக்கு மாத்தியாச்சே, மெசேஜ் வரேல்லையா?" என்றாளாம்.

மெசேஜ் அனுப்பித்தான் இருக்கிறார்கள். அப்பாவின் நம்பருக்கு. அப்பா போய் நாலு வருசம்.

கொப்பியின் முன் மட்டையில் அந்த நம்பர்தான் இன்னும் இருக்கிறது, யாரும் மாற்றச் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. நான் வேலையிடத்திலிருந்து, நாலாம் குறுக்குத் தெருவில் கை வண்டில்காரர் சத்தம் போட்டுக்கொண்டு போகிற இரைச்சலுக்குள், சும்மா ஒரு எண்ணத்தில் அந்த நம்பரை அடித்துப் பார்த்தேன். ஒரு பொடியன் எடுத்தான், சிங்களம். காசு போடாமல் விட்ட சிம், நம்பர் அவனுக்குப் போயிருக்கிறது. ஆமாம் அக்கே, ஆஸ்பத்திரி மெசேஜ் எனக்கு அடிக்கடி வரும், யாருடையது என்று தெரியாமல் அழித்துவிடுவேன் என்றான். பிறகு, வைக்கப்போகிற நேரம், "அம்மாட்ட சனீபத?" என்று கேட்டான். சுகம்தான் தம்பி என்றேன். அந்த நாள் முழுக்க என் அம்மாவின் சுகத்தை ஒழுங்காக விசாரித்த ஒரே ஆள் அவன்தான்.

நான் யாரையும் பிழை சொல்ல இதை எழுதவில்லை. கிளினிக்கில் இருக்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, அங்கே நிற்கிற தாதிமார் எப்படி நின்று பிடிக்கிறார்கள் என்பதே ஆச்சரியமாக இருக்கும். நான் சொல்ல வருவது வேறு. எல்லாம் போனுக்கு வந்துவிட்டது, இனி அலைச்சல் இல்லை, வேலை மிச்சம் என்கிறார்கள். வேலை மிச்சமாகவில்லை. கவுண்டரில் இருந்த வேலை எங்கள் வீட்டு மேசைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். முன்பு திகதி மாறினால் அதைத் தெரியப்படுத்துவது அவர்கள் பொறுப்பு. இப்போது மெசேஜ் போய்விட்டால் அவர்கள் பொறுப்பு முடிந்தது, அதைப் பார்ப்பது, விளங்குவது, நம்பர் மாறினால் போய்ச் சொல்வது எல்லாம் எழுபத்தொரு வயது மனுசியின் பொறுப்பு. அந்த மனுசியால் ஏலாது என்றால் வீட்டில் யாருக்கு ஏலுமோ அவர் தலையில்.

எங்கள் வீட்டில் அது மகளின் தலை. ஒன்பதாம் வகுப்பு. வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் இருக்கிற மற்ற வீடுகளிலும் போய்ப் பார்த்தால் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். கரண்ட் பில் எவ்வளவு என்று பார்ப்பது, டொக்டரைப் பார்க்க நம்பர் எடுத்து சனல் பண்ணுவது, நம்பர் பதினெட்டு என்றால் எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது, காஸ்காரருக்கு லொகேசன் அனுப்புவது, பாங்கிலிருந்து வருகிற ஓடிபியை வாசித்துச் சொல்வது. அம்மம்மா குசினிக்குள் நின்று "பிள்ளை, அந்த ஆறு இலக்கம் வந்திட்டுதா?" என்று கத்துவதும் இவள் கணக்குக் கொப்பியை மூடிவைத்துவிட்டு இலக்கத்தைச் சத்தமாக வாசிப்பதும் எங்கள் வீட்டில் தினசரி நடக்கிற கூத்து. ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாது என்று அந்த மெசேஜிலேயே எழுதியிருக்கிறது. இங்கிலீசில். அம்மா அதை எப்படி வாசிப்பார்?

இந்த மொழி விசயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பத்து மெசேஜ் வந்தால் எங்களுக்குத் தமிழில் வருவது ஒன்றோ இரண்டோ. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தில் எழுதியாகிவிட்டது, அது அரசியல், அதை நான் இங்கே தொடவில்லை. ஆனால் இதற்குள் ஒரு சின்னத் தொழில்நுட்பக் கணக்கும் இருக்கிறது, அதை எங்கள் ஒபிசில் வாடிக்கையாளருக்கு மெசேஜ் போடுகிற வேலையை நான் செய்தபோதுதான் கண்டுகொண்டேன். இங்கிலீசில் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துப் போகும். தமிழிலோ சிங்களத்திலோ எழுதினால் 70தான். அதிலும் நாங்கள் எண்ணுவது போல் அது எண்ணாது, புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணும். 'வணக்கம்' எங்களுக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஏழு. ஆகவே "உங்கள் கிளினிக் திகதி வியாழக்கிழமைக்கு மாற்றப்பட்டுள்ளது, சாப்பிடாமல் வரவும்" என்று மரியாதையாகச் சொல்ல வெளிக்கிட்டால் இரண்டு மெசேஜ் காசு. ஆயிரக்கணக்கில் அனுப்புகிறவர்கள் எதைத் தெரிவுசெய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே மிச்சம் பிடித்த காசுக்கு இங்கே ஒரு பிள்ளை மொழிபெயர்ப்பாளர் வேலை பார்க்கிறது, சம்பளம் இல்லாமல்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

வகுப்புக்கு ஒரு வட்ஸ்அப் குரூப். 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது வேறு வழியில்லாமல் தொடங்கியது, அப்போது ஒரு போனுக்குள் வீட்டில் மூன்று பேர் அடிபட்டோம், அது ஒரு காலம். பள்ளிக்கூடம் திறந்து எத்தனை வருசமாயிற்று, குரூப் மட்டும் போகவில்லை. இரவு 9.47க்கு வரும்: நாளை பச்சை நிற பிரிஸ்டல் போர்ட் இரண்டு, பழைய தீப்பெட்டி நாலு. அந்த நேரத்தில் காலி வீதியில் எந்தக் கடையைத் தட்டுவது? அதன்கீழ் முப்பத்தாறு அம்மாமார் "நன்றி டீச்சர்" என்று கைகூப்பிய படம் போடுவார்கள், அதற்குள் எது அறிவித்தல் எது கும்பிடு என்று தேடிக்கொண்டு மேலே போக வேண்டும். பிரிஸ்டல் போர்ட் கொண்டுபோகாத பிள்ளைக்கு மறுநாள் ஏச்சு. குரூப்பில் இல்லாத அம்மாவின் பிள்ளைக்கு அது தினமும்.

இதை நான் அக்காவிடம் சொல்லி ஆத்திரப்பட்டேன். அக்கா ஆசிரியை, வேறொரு பள்ளிக்கூடம். முழுதையும் கேட்டுவிட்டுத் தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். இரவு 11.20க்கு ஒரு அப்பா அனுப்பிய வொய்ஸ் மெசேஜ், நாலு நிமிசம், மகனுக்குத் தவணைப் பரீட்சையில் இரண்டு புள்ளி ஏன் குறைந்தது என்று. விடிய ஐந்துக்கு இன்னொன்று, "டீச்சர் இன்றைக்கு என்ன கலர் சொக்ஸ்?" போன் அக்காவின் சொந்தப் போன், டேட்டா அக்காவின் சொந்தக் காசு. முன்பு பாடக் குறிப்பு எழுதினால் போதும், இப்போது அதைப் படம் பிடித்து அனுப்பவும் வேண்டுமாம், படத்தை அனுப்பியதற்கு ஒரு படிவமும் நிரப்ப வேண்டுமாம். எனக்கு வாய் அடைத்துவிட்டது. நாங்கள் அம்மாமார் டீச்சரை ஏசுகிறோம், டீச்சர் எங்களை ஏசுகிறார், இரண்டு பக்கத்திலும் பெரும்பாலும் பெண்கள்தான், இரண்டு பேருமே அந்த நேரத்தில் அடுத்த நாள் கறிக்குக் காய் வெட்டிக்கொண்டுதான் போனைப் பார்க்கிறோம்.

இப்போது இந்த ஏஐ வேறு. மகளுக்குத் தமிழ்ப் பாடத்தில் 'எமது பிரதேசத்தை அழகாக வைத்திருப்போம்' என்று கட்டுரை. அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டேன் என்றாள், வாசித்துப் பார்த்தால் நல்ல தமிழ், எனக்கே பொறாமையாக இருந்தது. மூன்றாம் பந்தியில் "நமது மாவட்ட ஆட்சியர் அவர்கள் ஆவன செய்ய வேண்டும்" என்று இருந்தது. மாவட்ட ஆட்சியரா? கொழும்பிலா? எங்களுக்கு அரசாங்க அதிபர், பிரதேச செயலாளர், கிராம சேவகர், மிஞ்சினால் மாநகர சபை. வீதிக்குச் சாலை, ரூபாவுக்கு ரூபாய், மாகாணத்துக்கு மாநிலம். கட்டுரைக்குப் பாஸ்போர்ட் இல்லை, ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. நான் ஏசவில்லை, சிரித்துவிட்டேன், அவளும் சிரித்துவிட்டாள், திரும்ப எழுதினாள், வெள்ளவத்தைக் கடற்கரை ரெயில் பாதையோரம் கிடக்கிற பிளாஸ்டிக் போத்தலை வைத்து ஒரு பக்கம் நன்றாகவே எழுதினாள். ஆனால் நாற்பது பிள்ளைகளின் கொப்பியில் மாவட்ட ஆட்சியரைத் தேடிப் பிடிக்கிற வேலை இனி யாருடையது? அக்கா மாதிரி ஆட்களுடையது. வேலை திரும்பவும் இடம்தான் மாறியது.

இதை வாசித்துவிட்டு, போனை வீசிவிட்டு அம்மிக்கும் உரலுக்கும் திரும்பச் சொல்கிறாள் என்று நினைக்க வேண்டாம். 101 பஸ்ஸில் நின்றுகொண்டே தண்ணி பில் கட்டுகிறவள் நான். பில் கட்ட லைனில் நின்று அரை நாள் லீவு போட்ட காலம் எனக்கு நினைவிருக்கிறது, அது திரும்ப வேண்டாம். எனக்கு வசதி என்பதால் எல்லாருக்கும் வசதி என்று நினைப்பதில்தான் சிக்கல்.

நன்றாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் பெற்றோல் கியூஆர் வந்ததே, நினைவிருக்கிறதா? அதற்கு முதல் பெற்றோல் தட்டுப்பாட்டில் நாட்கணக்கில் வரிசை, வரிசையிலேயே படுத்து எழும்பி, வரிசையிலேயே சனம் செத்தும் போன காலம். கியூஆர் வந்த பிறகு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர், ஓட்டோவுக்கு ஐந்து, காருக்கு இருபது என்று பிரித்துக் கொடுத்தார்கள், குறைவுதான், ஆனால் கிடைத்தது. என் பார்வையில் அது ஓடியதற்குக் காரணம் செயலி இல்லை. ஒரே ஒரு தடவை யாரிடமாவது சொல்லிப் பதிந்துவிட்டால் பிறகு அந்தக் கியூஆர் கட்டத்தைக் கடதாசியில் அச்சடித்துக்கொண்டு போகலாம். எங்கள் ஒழுங்கையில் நிற்கிற ஓட்டோ அண்ணையிடம் பட்டன் போன்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் லெமினேட் பண்ணி, சில்லறை வைக்கிற தட்டுக்குள் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தார். பெற்றோல் செட்டில் இருக்கிற பொடியன் ஸ்கான் பண்ணுவான், இவர் பெற்றோல் அடித்துக்கொண்டு போவார். ஸ்மார்ட் போன் பம்ப் பக்கத்தில் இருந்தது, சனத்திடம் கடதாசி இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

சோடாப் போத்தலில் இருக்கிற நிறப் பொட்டும் அந்த மாதிரி. 2016 ஓகஸ்டிலிருந்து குளிர்பானத்தில் சீனி எவ்வளவு என்று நிறத்தில் போட வேண்டும், நூறு மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, இரண்டு முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. அம்மாவுக்கு கிராமும் தெரியாது, மில்லிலீற்றரும் தெரியாது. கலியாண வீட்டில் யாரோ நெக்டோ சோடாவை நீட்டினால் போத்தலைத் திருப்பி சிவப்பா என்று பார்ப்பார். பார்த்துவிட்டு அரைக் கிளாஸ் குடிப்பார், அது வேறு கதை. ஆனால் அந்தப் பொட்டை வாசிக்க அவருக்குப் பேத்தி தேவைப்படவில்லை.

1990 என்கிற அம்புலன்ஸ் நம்பரையும் விடக்கூடாது. போன வருசம் ஒரு இரவு அம்மாவுக்குச் சீனி திடீரென்று இறங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, கதை குழறத் தொடங்கியபோது நான் அடித்தது அந்த நம்பருக்குத்தான். 2016இல் இந்திய உதவியோடு தொடங்கிய இலவச அம்புலன்ஸ். நான் பதட்டத்தில் தமிழிலேயே தொடங்கிவிட்டேன், அந்தப் பக்கமும் தமிழ் வந்தது. சீனித் தண்ணி விழுங்குகிற நிலையில் இருக்கிறாரா, கண் திறந்திருக்கிறாரா என்று கேட்டுக்கேட்டு ஒரு மனுசக் குரல் எங்களோடு நின்றது. ஒன்றை அமத்து, இரண்டை அமத்து என்று சொல்லாத குரல்.

இந்த நாட்டில் ஆஸ்பத்திரி இலவசம், 1945இலிருந்து படிப்பும் இலவசம், அதைக் குறைத்துச் சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவேன், நானே அதில் வளர்ந்தவள். ஆனால் இப்போது அந்த இலவசத்தின் வாசலுக்குப் போகவே டேட்டா கார்ட் வேண்டும், சார்ஜ் உள்ள போன் வேண்டும், இங்கிலீசோ சிங்களமோ வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் சும்மா இருக்க வேண்டும். அந்தப் பிள்ளை இல்லாத வீடுகளை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் எல்லாம் கனடாவில், இங்கே இரண்டு கிழடுகள் மட்டும் இருக்கிற வீடு எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறது. அவர்களுடைய ஓடிபி ரொறன்ரோவுக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது.

வியாழக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டு அம்மாவோடு போனேன். நம்பரை மாற்றச் சொன்னேன், பேனையால் வெட்டி எழுதினார்கள், கம்பியூட்டரில் மாறியதா என்று கேட்டேன், மாறும் என்றார்கள். வருகிற வழியில் ஓட்டோ அண்ணையின் யோசனையில் நானும் ஒரு அட்டை அடித்தேன். அம்மாவின் பெயர், சீனிக்கு மெற்போமின் விடிய ஒன்று இரவு ஒன்று, பிரஷர் குளிசை இரவு ஒன்று, எல்லாம் தமிழில் பெரிய எழுத்தில், கீழே 1990, அதற்கு மேலே என் நம்பர். லெமினேட் பண்ண நூற்றைம்பது ரூபா.

அம்மா அட்டையைத் தூரமாகப் பிடித்து வாசித்தார்.

"உன்ர நம்பரை ஏன் போட்டனி? நீ வேலையில நிண்டா எடுக்கமாட்டாய். பிள்ளையின்ர நம்பரைப் போடு."

அம்மா, அவள் பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுபோக ஏலாது, ஒன்றரைக்குத்தான் விடும், வீட்டுக்கு வர இரண்டாகும் என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "அப்ப நான் ரெண்டு மணிக்குப் பிறகு விழுறன்" என்றார்.