வெள்ளாட்டுக்குப் பல் பார்த்த மாமனார்

(அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். பான்டியாக் நகரத்தில் ஒரு வீட்டின் கார் கொட்டகை. அக்டோபர் குளிர். நடுவில் நான்கு இரும்புத் தாங்கிகளின்மேல், சக்கரம் இல்லாமல் நிற்கிறது ஒரு 1968 மாடல் கார். பாதி பச்சை, பாதி சாம்பல் நிற பிரைமர், மீதி துரு. கணக்கு இடிக்கிறதே என்று கேட்காதீர்கள், அந்த வண்டியில் எல்லாக் கணக்கும் அப்படித்தான். விற்பவர் வண்டிப் பத்திரத்தைத் தேடி வீட்டுக்குள் போய்க் கால் மணி நேரம் ஆகிறது. கொட்டகையில் இருவர். கணினி வேலை பார்க்கும் மருமகன் ஒருவர். கோயம்புத்தூரில் முப்பத்தைந்து வருடம் டிங்கரிங் பட்டறை நடத்தி ஓய்ந்து, மகளைப் பார்க்க வந்திருக்கும் மாமனார் மற்றவர். மாமனார் குரங்குக் குல்லாய், மப்ளர் சகிதம்.)

மருமகன்: எப்படி இருக்கிறது மாமா?

மாமனார்: எது, மாப்பிள்ளை?

மருமகன்: வண்டி.

மாமனார்: இதுவா? இதை அப்புறப்படுத்திவிட்டுப் பின்னால் இருக்கும் வண்டியைக் காட்டப்போகிறார் என்றல்லவா இவ்வளவு நேரம் நின்றுகொண்டிருக்கிறேன்.

மருமகன்: இதுதான் மாமா. பான்டியாக் ஜி.டி.ஓ.! இதே ஊர்ப் பெயரில் இருந்த கம்பெனி. மஸில் கார் என்ற வகைக்கே பிள்ளையார் சுழி போட்டது இதுதான் என்பார்கள்.

மாமனார்: அப்படியென்றால்?

மருமகன்: நடுத்தர அளவு உடம்பு, அதற்குள் யானை பலத்தில் ஓர் என்ஜின். இதில் இருப்பது 400 கன அங்குலம். நம் கணக்கில் ஆறரை லிட்டர்.

மாமனார்: அம்பாசடரே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர்தான். நான்கு அம்பாசடரை ஒன்றாகக் கட்டியது போல. சரி, இவ்வளவு பலம் இருக்கிற வண்டி ஏன் நொண்டிக்கொண்டு நிற்கிறது?

மருமகன்: சீரமைப்பு நடந்துகொண்டிருக்கிறது. தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது என்றார்.

மாமனார்: முடிந்துவிட்டது என்றுதான் எனக்கும் தெரிகிறது. மீதிப் பத்து சதவீதமும் இந்தக் குளிர்காலத்தில் முடிந்துவிடும்.

மருமகன்: மாமா...

மாமனார்: கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன வீடு பார்த்திருக்கிறீர்களா? மேலே கம்பி நீட்டிக்கொண்டு, முன்னால் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கிக்கொண்டு? அந்த வீட்டுக்காரரைக் கேட்டால் அவரும் தொண்ணூறு சதவீதம் என்றுதான் சொல்வார். என்ன விலை சொல்கிறார்?

மருமகன்: இருபத்திரண்டாயிரம் டாலர்.

மாமனார்: என் மகளுக்குத் தெரியுமா?

மருமகன்: பான்டியாக் பராசக்தி கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாமனார்: அப்படியானால் திரும்பும்போது கட்டாயம் அம்பாளைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். இல்லாவிட்டால் பொய் சொன்னதாக ஆகிவிடும். அது என்ன, கையில்?

மருமகன்: காந்தம். தகரத்தில் ஒட்டினால் நல்லது, ஒட்டாவிட்டால் உள்ளே துருவை மறைத்துப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று படித்தேன். வீட்டில் வேறு காந்தம் இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் இருந்ததை எடுத்து வந்தேன்.

மாமனார்: இது நான் பழனியில் வாங்கிக் கொடுத்த முருகன் அல்லவா! கொடுங்கள் இப்படி. கீறல் விழாமல் துணி வைத்துப் பிடிக்கவேண்டும். முருகா. (முன் கதவில் வைக்கிறார்.) நிற்கிறார். (கூரையில்.) நிற்கிறார். (பின் சக்கரத்துக்கு மேலே.)

(டக்.)

மருமகன்: கை நழுவிவிட்டதா?

மாமனார்: நழுவவில்லை. முருகன் கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டார். (மறுபடி வைக்கிறார். டக்.) பாருங்கள், இந்த இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறார். இங்கிருந்து இங்கே வரைக்கும் வெறும் பட்டி. மாவு பிசைந்து அப்பியதுபோல் அப்பியிருக்கிறார்கள். அந்தப் பக்கமும் வைத்துப் பாருங்கள்.

(டக்.)

மருமகன்: அங்கேயும் நிற்கவில்லை.

மாமனார்: ஞானப்பழம் கிடைக்காதபோதுகூட அவர் இத்தனை முறை இறங்கவில்லை. டிக்கியைத் திறங்கள்.

(திறக்கிறார்கள். மாமனார் விரிப்பைத் தூக்கிப் பார்க்கிறார்.)

மருமகன்: தரை கெட்டியாகத்தான் இருக்கிறது. சிமென்ட் நிறம் அடித்திருக்கிறார்கள்.

மாமனார்: அது சிமென்ட்தான், மாப்பிள்ளை. கொட்டகையின் தரை.

மருமகன்: (குனிந்து பார்த்து) ஐயோ.

மாமனார்: தண்ணீர் கீழிருந்து வரவில்லை, மேலிருந்து வந்திருக்கிறது. பின் கண்ணாடியின் அடியில் விரலை விடுங்கள். துரு பொருபொருவென்று உதிர்கிறதா? கூரையில் வினைல் துணி ஒட்டியிருந்திருக்கிறது, பசையின் தடம் தெரிகிறது. துணிக்கு அடியில் ஈரம் தங்கிக் கண்ணாடி ஓரத்தை அரித்து, அங்கிருந்து டிக்கிக்குள் சொட்டியிருக்கிறது. டிக்கிக்கு மட்டும் புதுத் தகரம் போட்டு மூடினால் அடுத்த மழையில் மறுபடி கொட்டகைத் தரை தெரியும். ஆனால் சக்கர வளைவும் சேஸிஸும் இப்படி அரித்திருப்பது மழையால் இல்லை. இந்த ஊரில் என்ன நடக்கிறது?

மருமகன்: குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் உப்புப் போடுவார்கள் மாமா.

மாமனார்: உப்பா? கல்லுப்பா?

மருமகன்: லாரி லாரியாக.

மாமனார்: மாங்காய்க்கு உப்பு ஆயுள், இரும்புக்கு உப்பு எமன். இவர்கள் காரை மாவடுபோல ஊறவைத்திருக்கிறார்கள்! விமான நிலையத்தில் என் ஊறுகாய் ஜாடியைப் பிடுங்கப் பார்த்த அந்த அதிகாரி முதலில் இதையல்லவா பறிமுதல் செய்திருக்கவேண்டும்.

மருமகன்: அந்த ஊறுகாய்க்காக நாற்பது நிமிடம் வாதாடினீர்கள். நான் வெளியே கார் நிறுத்தக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

மாமனார்: ஜாடி வந்ததா இல்லையா?

மருமகன்: வந்தது. இந்தத் தகரமெல்லாம் புதிதாகவே விற்கிறார்கள் மாமா. டிக்கித் தரை, பக்கத் தகடு, உட்காரும் இடத்துத் தரை, எல்லாமே அச்சு அசலாகக் கிடைக்கும்.

மாமனார்: தகரம் கிடைக்கும். ஒட்டுகிற ஆளுக்கு என்ன கூலி?

மருமகன்: ஒரு மணி நேரத்துக்கு நூறு டாலருக்கு மேல்.

மாமனார்: என்னது! ஒரு மணி நேரத்துக்கா? நான் தப்பான ஊரில் பட்டறை வைத்துவிட்டேன். அந்தக் காப்பி டப்பாக்களில் என்ன?

மருமகன்: நட்டும் போல்ட்டும். மொத்தம் முப்பத்தோரு டப்பா. ஒன்றுகூடத் தொலையவில்லை என்றார்.

மாமனார்: (ஒரு டப்பாவைக் குலுக்கி) மேலே என்னவோ எழுதியிருக்கிறதே.

மருமகன்: "இதர" என்று எழுதியிருக்கிறது.

மாமனார்: அடுத்தது?

மருமகன்: அதுவும் "இதர"தான்.

மாமனார்: பிரித்தவர் இவர்தானா?

மருமகன்: இல்லை, இவருடைய மச்சான். 2009-இல் மச்சான் இதைப் பிரித்துப் போட்டுவிட்டு, பணம் வாங்கிக்கொண்டு இவர் கையில் கொடுத்துவிட்டாராம்.

மாமனார்: அதே வருடம்தானே இந்தக் கம்பெனியையே மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள்? வரும்போது நீங்கள்தான் சொன்னீர்கள். தாய்வீடும் போயிற்று, பிரித்தவனும் போனான், மிச்சம் முப்பத்தோரு டப்பா. மாப்பிள்ளை, தன் கையால் பிரித்த வண்டியைப் பூட்டுவது ஒரு வேலை. அடுத்தவன் பிரித்ததைப் பூட்டுவது வேலை இல்லை, தவம். எந்த போல்ட் எங்கே என்பது பிரித்தவன் மண்டைக்குள் இருக்கும். மண்டை எங்கே?

மருமகன்: ஃப்ளோரிடாவில்.

மாமனார்: சரி. சந்தையில் மாடு பிடிக்கும்போது சுழி பார்ப்போம், ஆட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்போம். இதற்கு எதைப் பார்ப்பது?

மருமகன்: பொருத்தமாகத்தான் கேட்டீர்கள். இந்த வண்டிக்கு ஆடு என்றுதான் செல்லப் பெயர். ஜி, டி, ஓ என்ற எழுத்துகளைக் கலைத்துப் போட்டு "கோட்" என்பார்கள்.

மாமனார்: அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?

மருமகன்: அது இத்தாலிக்காரர் ஃபெராரி தன் பந்தயக் காருக்கு வைத்த பெயர். பந்தயத்துக்குத் தகுதி என்று முத்திரை வாங்கிய வண்டி என்று பொருள்.

மாமனார்: இவர்கள் எந்தப் பந்தயத்தில் முத்திரை வாங்கினார்கள்?

மருமகன்: எதிலும் இல்லை. பெயர் நன்றாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள்.

மாமனார்: பிறக்கும்போதே இரவல் பெயரா!

மருமகன்: பிறப்பே அப்படித்தான் மாமா. நடுத்தரக் காரில் இவ்வளவு பெரிய என்ஜின் வைக்கக்கூடாது என்று தலைமை அலுவலகத்தில் விதி. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடன் இருந்த பொறியாளர்களும் 1964 மாடலுக்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். இது புது மாடல் இல்லை, ஏற்கெனவே விற்கிற லெமான்ஸ் என்ற நடுத்தரக் காருக்கு நாங்கள் கொடுக்கும் கூடுதல் வசதி என்று சொல்லி 389 கன அங்குல என்ஜினை உள்ளே நுழைத்துவிட்டார்கள்.

மாமனார்: ஒட்டகம் கூடாரத்துக்குள் மூக்கை நுழைத்த மாதிரி.

மருமகன்: அந்த முதல் வருடமே 32,000-க்கு மேல் விற்றது. 1966-இல் தனி மாடலாகவே ஆக்கிவிட்டார்கள். இந்த 1968 மாடலின் மூக்கைத் தொட்டுப் பாருங்கள். வண்டி நிறத்திலேயே, ரப்பர்போல. சுத்தியலால் அடித்தாலும் நசுங்காது என்று விளம்பரத்தில் அடித்தே காட்டினார்கள்.

மாமனார்: சுத்தியல் இருக்கிறதா இங்கே?

மருமகன்: வேண்டாம் மாமா!

மாமனார்: சரி, விடுங்கள். ஜாதகம் உண்டா?

மருமகன்: உண்டு. பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்று ஓர் இடம். வண்டி எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், தொழிற்சாலையிலிருந்து என்னென்ன வசதியோடு வெளியே போனது என்ற பழைய ரசீதின் நகலே வரும். எண்ணின் முதல் மூன்று இலக்கத்திலேயே பாதி ஜாதகம் இருக்கிறது. 242 என்றால் ஜி.டி.ஓ.

மாமனார்: எண் எங்கே?

மருமகன்: ஓட்டுநர் பக்கம், முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னத் தகடு. ஓட்டுநர் இடது பக்கம் மாமா, இது அமெரிக்கா.

மாமனார்: (மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு) இரண்டு... மூன்று... ஏழு.

மருமகன்: தூசியாக இருக்கும். துடைத்துப் பாருங்கள்.

மாமனார்: (மப்ளரால் துடைத்து) இப்போது பளிச்சென்று தெரிகிறது. இரண்டு, மூன்று, ஏழு.

மருமகன்: நன்றாகப் பாருங்கள் மாமா, நான்கு மூன்றுபோலத் தெரியலாம்.

மாமனார்: இரண்டு ஏழுபோலவும் தெரியுமா? 237 என்றால் என்ன, மாப்பிள்ளை?

(அமைதி.)

மருமகன்: லெமான்ஸ்.

மாமனார்: ஓகோ. மூக்கு?

மருமகன்: வேறு ஜி.டி.ஓ.விலிருந்து எடுத்து மாட்டியிருக்கவேண்டும். லெமான்ஸுக்கு குரோம் பம்பர்தான்.

மாமனார்: என்ஜின்மேல் 400 என்று ஸ்டிக்கர் இருக்கிறதே.

மருமகன்: 350 என்ஜினும் 400 என்ஜினும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். முன்பக்கம் வலது ஓரத்தில் இரண்டு எழுத்து பொறித்திருக்கும், அதை வைத்துத்தான் சொல்லமுடியும். (டார்ச் அடிக்கிறார்.) அந்த இடத்தில் அடை அடையாகப் பெயின்ட்.

மாமனார்: மாப்பிள்ளைக்குச் சம்பளம் கேட்டால் மழுப்புவதுபோல. உங்களைச் சொல்லவில்லை.

மருமகன்: ஒரு விதத்தில் பார்த்தால் 1964-இல் ஜி.டி.ஓ.வே வேஷம் கட்டிய லெமான்ஸ்தானே மாமா?

மாமனார்: 1968-இல் பிறந்த பிள்ளைக்கு 1964-இல் பிறந்தவன் ஜாதகத்தைக் காட்டிப் பெண் கேட்கிறீர்களே! கம்பெனி கட்டினால் அது மாடல், மச்சான் கட்டினால் அது வேஷம். வாருங்கள், கிளம்பலாம் என்று சொல்லலாம். ஆனால் ஒரு நிமிடம் பொறுங்கள்.

(மாமனார் வண்டியைச் சுற்றி வருகிறார். கதவுகளைத் திறந்து மூடுகிறார். கீழே படுக்கிறார். ஒரு மாதமாகச் சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்த மனிதர் என்று சொல்லமுடியாத வேகம்.)

மாமனார்: (கீழிருந்து) கதவு நான்கு விரலில் மூடுகிறது. முன்பக்கச் சேஸிஸ் சுத்தம். பின்னால் வளைந்து ஏறுகிற இடத்தில்தான் ஓட்டை, வெட்டி ஒட்டலாம். உடம்பு கோணவில்லை.

மருமகன்: அதுதான் ஜி.டி.ஓ. இல்லையே மாமா.

மாமனார்: அதனால்தான் சொல்கிறேன். அசல் ஜி.டி.ஓ. என்றால் ஒவ்வொரு திருகாணியும் அந்தக் காலத்துத் திருகாணியா என்று நாளைக்கு ஒருவன் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து கேட்பான். லெமான்ஸை யார் கேட்கப்போகிறார்கள்? எந்த என்ஜின் கிடைக்கிறதோ அதைப் போடலாம். பெயர் போனதும்தான் வண்டிக்கு உயிர் வந்திருக்கிறது.

மருமகன்: ஆகஸ்டில் வுட்வர்டு அவென்யூவில் பழைய கார்கள் ஊர்வலம் நடக்கும். 1995-லிருந்து வருடா வருடம். தேர்த்திருவிழா மாதிரி. அங்கே ஜி.டி.ஓ.வில் போகவேண்டும் என்று ஆசை.

மாமனார்: தேரில் போகிற சுவாமியை வேடிக்கை பார்க்கிறவன் எந்த மரத்தில் செய்த தேர் என்று கேட்பானா? கையை இப்படிக் கொடுங்கள்.

(மருமகனின் கையை மப்ளருக்குள் இழுத்து விரல்களை அழுத்துகிறார்.)

மருமகன்: என்ன மாமா செய்கிறீர்கள்?

மாமனார்: விலை. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டுப் பேசுவோம், பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது.

மருமகன்: பக்கத்தில் யாருமே இல்லையே! இருந்தாலும் தமிழ் தெரியாதே!

மாமனார்: பழகிய கை. ஐந்து விரல், அப்புறம் இரண்டு. புரிகிறதா?

மருமகன்: ஏழா? எழுநூறா, ஏழாயிரமா?

மாமனார்: ஏழாயிரம். உடம்புக்கும் கண்ணாடிக்கும் பத்திரத்துக்கும். என்ஜின் என்னவென்று தெரிகிறவரை அது பழைய இரும்பு. டப்பாக்களுக்கு ஒரு பைசா கிடையாது, வேண்டுமானால் அவர் நமக்குத் தரட்டும்.

மருமகன்: இருபத்திரண்டு கேட்பவரிடம் ஏழு என்றால்? காரணம் சொல்லவேண்டுமே. இது ஜி.டி.ஓ. இல்லை என்றே அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. பதினைந்து வருடத்துக்கு மேலாக மச்சான் பேச்சை நம்பிக்கொண்டிருக்கிறார்.

மாமனார்: ஐயோ பாவம். மச்சான் உறவு நாளைக்கு என்ன ஆகும்?

(வீட்டுக் கதவு திறக்கும் சத்தம். காலடி ஓசை.)

மருமகன்: வருகிறார். நீங்கள் சொல்லுங்கள் மாமா, தொழில் தெரிந்தவர் நீங்கள்தான்.

மாமனார்: நானா? எனக்கு எங்கே ஆங்கிலம் வருகிறது, மாப்பிள்ளை?

மருமகன்: நாற்பது நிமிடம் அந்த அதிகாரியிடம் எந்த மொழியில் வாதாடினீர்கள்?

மாமனார்: அது ஊறுகாய்க்காக.