டியூப் எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை எம்.பி.பி.எஸ். முடித்து முதுநிலை மருத்துவம் (பி.ஜி.) படிக்கும் ஒரு மாணவி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தோழியின் உறவுக்காரப் பெண். மூன்று மாத மாவட்ட மருத்துவமனைப் பயிற்சிக்காக இந்தப் பக்கம் போட்டிருக்கிறார்கள். வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் வைத்தேன். இரண்டாவது பணியாரத்தைப் பிய்க்கும்போது போன் அடித்தது. திரையில் 'சீஃப்' என்று, அதாவது அவளுடைய யூனிட் தலைமை டாக்டரின் அழைப்பைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். காரைக்குடியில், எங்கள் வீட்டு முகப்பில், விரலில் துவையலோடு நின்றபடியே "எஸ் சார், எஸ் சார்" என்று பேசினாள். அப்புறம் தட்டைத் தொடவே இல்லை. "எப்படிக்கா மூணு வருஷம் ஓட்டினீங்க?" என்றாள். அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

நான் பொது மருத்துவம் எம்.டி. படித்தது வேறு மாவட்டத்தில். எங்கள் சீஃப் வார்டுக்குள் நுழைந்தால் சிஸ்டர்கள்கூடக் குரலைத் தணித்துக்கொள்வார்கள். முதல் வருடம், ஓர் அட்மிஷன் நாள் இரவில், கண்ணாடி விரியன் கடித்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி டெஸ்ட் டியூபில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து. மருந்து ஏற்றி 6 மணி நேரம் கழித்து மறுபடியும் அதே சோதனை.

அந்த ஆறாவது மணி நேரத்தில் எனக்கு வேறு இரண்டு சீரியஸ் கேஸ். டியூப் வைக்கவே இல்லை. ரவுண்ட்ஸில் சீஃப் கேட்டதும், "கிளாட் ஆயிடுச்சு சார்", ரத்தம் உறைந்துவிட்டது என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"டியூப் எங்கே?" என்றார்.

கேஸ் ஷீட் பறந்துபோய்த் தரையில் விழுந்தது. நோயாளியின் மனைவி, ஹவுஸ் சர்ஜன்கள், சிஸ்டர் எல்லார் முன்னாலும், நான் டாக்டராக லாயக்கில்லை என்றார். பெற்றவர்களையும் இழுத்துப் பேசினார். அப்புறம் அவரே ரத்தம் எடுத்து, டியூபை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, 20 நிமிடமும் அங்கேயே நின்றார். சாய்த்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது. மறுபடி மருந்து ஏற்றினோம். அந்த மனிதர் பிழைத்து வீட்டுக்குப் போனார்.

அந்த 20 நிமிடம் அவர் நின்றதுதான் எனக்குப் படிப்பு. ஷீட்டை எறிந்தது படிப்பு இல்லை. "அவர் எறிந்ததால்தான் உனக்கு உறைத்தது" என்பவர்கள் இருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நான் பொய் சொன்னது சோம்பலால் அல்ல. "மறந்துட்டேன் சார், இப்பவே வைக்கிறேன்" என்று சொல்ல அந்த வார்டில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. எங்கள் பயத்துக்கு அன்று ஒரு நோயாளியின் உயிர் போயிருக்கும்.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, 13 வயதில் ரங்கூனுக்குக் கொண்டு விற்க, அதாவது தொழில் செய்ய, போனவர். கடையில் பெட்டியடிப் பையன், எடுபிடி வேலை. அவருக்கு மேலே அடுத்தாள், அதற்கும் மேலே கடையை நடத்தும் மேலாள். பி.ஜி. படிப்பு மாதிரியே மேலாளின் பணிக்காலமும், அதாவது தவணையும், மூன்று வருடம்தான். கணக்கில் காலணா உதைத்தாலும் அது நேராகும்வரை தூங்க விடமாட்டாராம். ஐயா அதைப் பெருமையாகச் சொல்வார். அதே மேலாள், ஐயாவுக்கு அம்மை போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுத்ததையும் சொல்வார். கண்டிப்பைப் பற்றிப் பேசும்போது நம் ஊரில் எல்லாருக்கும் கணக்கு ஞாபகம் வருகிறது, கஞ்சி வருவதில்லை.

சரி, உன் சீஃபை நீ மாற்ற முடியாது. தீசிஸில் கையெழுத்து அவருடையது. "இன்னும் பார்க்கல சார்" என்று சொல்லப் பழகிக்கொள். முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொள்ளும். திட்டுவார், திட்டட்டும். அன்று ராத்திரியே ஒரு நோட்டில், அவர் பேசியதில் வேலையைப் பற்றியது எது, உன்னைப் பற்றியது எது என்று தனித்தனியாக எழுது. வேலையைப் பற்றியதை மறுநாளே சரி செய். மற்றதை உன்னோடு ஹாஸ்டலுக்குக் கொண்டுபோகாதே.

கை ஓங்கினாலோ, சாதியையோ உடம்பையோ சொல்லிப் பேசினாலோ கதை வேறு. தேதி, நேரம் போட்டு எழுதி வை. டீனிடம் தனியாகப் போகாதே, நாலு பேராகப் போங்கள். 2023 முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறையிலேயே, வேலையின் அவசரத்தைப் பொறுத்து வாரம் ஒருநாள் ஓய்வும், வருடத்துக்கு 20 நாள் விடுப்பும் இருக்கின்றன. வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு பரிந்துரைத்திருக்கிறது. இதைக் கேட்பது திமிர் இல்லை.

என் பேட்சில் ஒருத்தி டியூட்டி ரூம் பாத்ரூமில் அழுவாள். நாங்கள் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறோம். ஒருவரும் கதவைத் தட்டவில்லை. இரண்டாம் வருடம் படிப்பை விட்டுப் போய்விட்டாள். அந்தக் கதவு எனக்கு இன்னமும் வலிக்கிறது. உன் பக்கத்து ரூமில் சத்தம் கேட்டால் தட்டு. உனக்கே வாழ்க்கை வேண்டாம் என்று தோன்றினால், அந்த ராத்திரியே யாரையாவது எழுப்பு, 14416க்குப் போன் செய். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள்.

போன வாரம் ராத்திரி 2 மணிக்கு எங்கள் ஆஸ்பத்திரி டியூட்டி டாக்டர் கூப்பிட்டான். வயலில் பாம்பு கடித்து வந்த கேஸ். "மேடம், ஆறு மணி நேர டியூப் வைக்க மறந்துட்டேன்."

"இப்ப வை. நான் வர்றேன்" என்றேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஜன்னல் திட்டில் டியூப் இருந்தது. இன்னும் 9 நிமிடம் பாக்கி. இருவரும் பக்கத்திலேயே நின்றோம்.