பெல்டில் எண்ணெய் அடிக்காதீர்கள்
அண்ணே, "இன்ஜினில் உய்ங் என்று சத்தம் வந்தால் அது பெல்ட்தான், டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்பிரே அடித்தால் சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். சத்தம் அடங்கும்தான், ஆனால் கொஞ்ச நேரத்துக்கு. எண்ணெய்ப் பசை ஏறிய பெல்ட், அது ஓடும் சக்கரமான புல்லியில் இன்னும் வழுக்கும். அப்புறம் பேட்டரி சரியாகச் சார்ஜ் ஆகாது. வாட்டர் பம்பும் அதே பெல்டில் ஓடினால் இன்ஜின் சூடாகும். நம்ம தென்னாப்பிரிக்க டிசம்பர் வெயிலில், டர்பன் பக்கத்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் அந்த வம்பு வேண்டாம்.

பெல்ட் வழுக்கினால் வருவது 'கிறீச்'. டர்பன் ஈரக்காற்றில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கத்திவிட்டு, சூடானதும் ஓய்ந்துவிடும். ரெவ் (இன்ஜின் வேகம்) கூடக்கூட சுருதி ஏறும் ஊளை வேறு. ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது அது கூடினால், ஆயில் அழுத்தத்தில் ஸ்டியரிங் திரும்பும் பழைய ஹைட்ராலிக் வண்டிகளில் என் முதல் சந்தேகம் பவர் ஸ்டியரிங் பம்ப். அந்தப் பம்பின் ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் எங்கோ கசிவு. நுரைத்திருந்தால் காற்று இழுக்கிறது; டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ் கிளிப்பை முதலில் பாருங்கள்.

பெல்ட்தானா என்று பார்க்கத் தண்ணீரே போதும். ஓடும் பெல்டின் வரிப்பக்கத்தில் ஸ்பிரே பாட்டிலால் லேசாக அடியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கும்; நின்றுவிட்டுத் திரும்ப வந்தால் புல்லி நேர்க்கோட்டில் இருக்காது. மாற்றமே இல்லையா? பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், பெல்டைத் தாங்கிச் சுழலும் ஐட்லர் புல்லி இவற்றின் பேரிங்குகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். சட்டைக்கையை மடித்துக்கொள்ளுங்கள், ஃபேன் பக்கம் கை போகக் கூடாது.