தொட்டியில் வளர்ப்பது ஆமைக் குஞ்சுகளுக்குப் பாதுகாப்பல்ல

இலங்கையின் நிலாவெளிக் கடற்கரையில் ஆமை முட்டைகளைக் கண்டால், விடிந்ததும் தோண்டியெடுத்து வாளி மணலில் நிழலில் வைத்துப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளைச் சில வாரங்கள் தொட்டியில் வளர்த்த பின்னரே கடலில் விட வேண்டும் என்று ஒருவர் எழுதியுள்ளார். நல்லெண்ணத்தோடு எழுதியிருந்தாலும், இது குஞ்சுகளுக்குக் கேடு விளைவிக்கும் அறிவுரை.

மணலைக் கிளறிக்கொண்டு வெளிவரும் குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சட்கருவின் மிச்சம் இருக்கும். அந்தச் சக்தியைக் கொண்டுதான் அது முதல் ஓரிரு நாட்கள் ஏறக்குறைய ஓய்வின்றி நீந்தி, தன்னைத் தின்னக்கூடிய மீன்கள் மிகுந்த கரையோர நீரைத் தாண்டிச் செல்கிறது. தொட்டிக்குள் விட்டால் அதே வேகத்தோடு சுவரில் மோதி மோதி நீந்தி, அச்சக்தியை வீணாக்கிவிடும். நெருக்கமாக வைத்தால் ஒன்றையொன்று கடித்துப் புண்ணாக்கவும் செய்யும்.

முட்டையை எடுப்பதும் அவ்வளவு எளிதான காரியமல்ல. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேற்புற உட்சவ்வில் ஒட்டிக்கொள்வதால், அதன்பின் முட்டையைப் புரட்டினாலே கரு இறந்துவிடலாம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது; ஏறக்குறைய 29 பாகை செல்சியசுக்கு மேல் பெண்களும், அதற்குக் கீழ் ஆண்களும் மிகுதியாகப் பொரிப்பதால், நிழலில் வைத்த வாளி அந்த விகிதத்தையே மாற்றிவிடக்கூடும்.

இலங்கையில் முட்டையிடும் ஐந்து கடலாமை இனங்களும் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்படுபவை; அவற்றின் முட்டைகளை எடுப்பது குற்றமாகும். கூட்டைக் கண்டவர் அதைத் தொடாமல் விட்டு, நாய்கள் தோண்டாதபடி பார்த்துக்கொண்டு, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்தால் போதும். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கியே நகரும் என்பதால், அருகிலுள்ள விடுதிகளிடம் கடற்பக்க விளக்குகளை இரவில் அணைத்து வைக்குமாறு தயவுசெய்து கேளுங்கள்.