ஃப்ளோரிடா வீட்டுக்காரர் இழந்த உரிமை

ஃப்ளோரிடாவில் வீட்டு இன்சூரன்ஸ் சந்தை ஒரு வழியாக நிதானத்துக்கு வந்துவிட்டது, 2022 டிசம்பரில் செய்த சட்டத் திருத்தம்தான் காரணம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். புதுக் கம்பெனிகள் மாநிலத்துக்குள் வந்திருப்பது உண்மை. வேறு யாரும் பாலிசி தராதவர்களுக்காக அரசு ஏற்படுத்திய சிட்டிசன்ஸ் நிறுவனத்தில் 2023இல் கிட்டத்தட்ட 14 லட்சம் பாலிசிகள் இருந்தன. அது பிறகு நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் இதற்கு விலையாக நாம் எதைக் கொடுத்தோம் என்பது இங்கே வீடு வாங்கியிருக்கும் நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. புயலடித்துக் கிளெய்ம் போடும்போதுதான் தெரியவருகிறது.

அமெரிக்காவில் வீட்டு இன்சூரன்ஸைப் பெரும்பாலும் அந்தந்த மாநிலச் சட்டம்தான் ஆள்கிறது. ஃப்ளோரிடாவில் 1893 முதல் ஒரு விதி இருந்தது. கொடுக்க வேண்டிய பணத்தைக் கம்பெனி கொடுக்காமல், நீங்கள் வழக்குப் போட்டு ஜெயித்தால், உங்கள் வக்கீல் ஃபீஸையும் கம்பெனியே கட்ட வேண்டும். பெரிய கம்பெனியோடு மோத வசதியில்லாத சாதாரண ஆளுக்காக எழுதிய விதி அது. 2022 டிசம்பரில் நடந்த மாநிலச் சட்டமன்றச் சிறப்புக் கூட்டத்தில் வீட்டு இன்சூரன்ஸுக்கு அதை எடுத்துவிட்டார்கள். 2023 மார்ச்சில் வந்த இன்னொரு சட்டம் மற்ற வகை இன்சூரன்ஸிலும் அதை ஏறக்குறைய முழுதாகவே துடைத்துவிட்டது.

அந்த விதியைச் சிலர் மோசமாகப் பயன்படுத்தினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. கதவைத் தட்டி, "கூரையை இலவசமாக மாற்றித் தருகிறோம், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று வந்தவர்களை இங்கே பலர் பார்த்திருப்பார்கள். அந்தக் கையெழுத்தோடு கிளெய்ம் உரிமையே கூரைக்காரர் கைக்குப் போய்விடும். கம்பெனி மேல் அவரே வழக்குப் போடலாம், ஜெயித்தால் ஃபீஸ் கம்பெனி தலையில். 2019இல் நாடு முழுவதும் போட்ட வீட்டு இன்சூரன்ஸ் கிளெய்ம்களில் ஃப்ளோரிடாவின் பங்கு சுமார் 8 சதவீதம். வழக்குகளில் அதன் பங்கு சுமார் 76 சதவீதம். இதைச் சரிசெய்யத்தான் வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் எடுக்கும் பாலிசிகளில் இப்படி உரிமையை மாற்றி எழுதிக் கொடுப்பது செல்லாது என்று அதே 2022 டிசம்பர் சட்டம் சொன்னது. நல்ல முடிவு. அதோடு நிறுத்தியிருக்கலாம் என்பதுதான் என் வாதம்.

கணக்கைப் பாருங்கள். வீடு 4 லட்சம் டாலருக்கு இன்சூர் ஆகியிருக்கிறது, புயலுக்கான டிடக்டிபிள் 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து போகும். அதற்கு மேல் கூரைக்கு நியாயமாக 15,000 வர வேண்டும், கம்பெனி மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வக்கீல் மூன்றில் ஒரு பங்கு கேட்டால் ஜெயித்த பிறகும் உங்களுக்கு நிற்பது 10,000. கூரைக்காரர் அதற்காக விலையைக் குறைப்பாரா? இவ்வளவு சின்ன வழக்கை எடுக்க வக்கீலே யோசிப்பார். கம்பெனிக்கும் இது தெரியும்.

மில்டன் புயலுக்குப் பிறகு எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு இதுதான் நடந்தது. சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய அட்ஜஸ்டர் வந்து பார்த்தார், பழைய தேய்மானம் என்று எழுதினார், சேதம் டிடக்டிபிளுக்குள் அடங்கிவிட்டது என்று கடிதம் வந்தது. வக்கீல்களிடம் கேட்டால், தொகை சின்னது, முடியாது என்றார்கள். கடைசியில் அந்த அக்கா நகையை விற்றுக் கூரை போட்டார். மாதம் தவறாமல் பிரீமியம் கட்டிய குடும்பம் அது. நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கெடுவையும் சுருக்கினார்கள். கிளெய்மைத் தெரிவிக்க 2 வருடம் இருந்தது 1 வருடமாயிற்று. விட்டுப்போன சேதத்தைக் கூடுதலாகக் கேட்க 3 வருடம் இருந்தது 18 மாதமாயிற்று. கம்பெனி முடிவு சொல்ல வேண்டிய காலத்தையும் 90 நாளிலிருந்து 60 ஆக்கினார்கள், அது நமக்கு நல்லது. ஆனால் 60வது நாளில் "இல்லை" என்று சொன்னாலும் கெடுவுக்குள் முடிவு சொன்னதாகத்தான் கணக்கு.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2017 முதல் 2019 வரை இங்குள்ள கம்பெனிகள் கோடிக்கணக்கில் நஷ்டம் காட்டிய அதே காலத்தில், பங்குதாரர்களுக்கு 68 கோடி டாலர் கொடுத்திருக்கின்றன, தங்கள் துணை நிறுவனங்களுக்கு இன்னும் பெரிய தொகைகளைக் கட்டணமாக அனுப்பியிருக்கின்றன. மாநில இன்சூரன்ஸ் துறையே கேட்டு வாங்கிய ஆய்வு சொன்னது இது. 2022இல் எழுதப்பட்ட அந்த அறிக்கை 2025இல்தான் பத்திரிகை வழியாக வெளியே வந்தது. வழக்குகள்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நம்பி ஓட்டுப் போட்ட உறுப்பினர்கள் முன்னால் அது அன்றைக்கே இருந்திருக்க வேண்டாமா?

பழைய விதியை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. வழக்குக்கு முன் கம்பெனி தர முன்வந்ததைவிட நீதிமன்றம் கணிசமாக அதிகம் கொடுத்தால், ஃபீஸைக் கம்பெனி கட்டட்டும். வீட்டுக்காரர் கேட்டது அநியாயம் என்று தெரிந்தால் ஃபீஸ் கிடையாது. 2025இல், வழக்கில் தோற்றவர் ஃபீஸைக் கட்டட்டும் என்ற அளவில் மாநிலத் தலைநகர் டல்லஹாசியில் ஒரு முயற்சி நடந்தது, சட்டமாகவில்லை. அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி வர வேண்டும். இங்கே ஓட்டுரிமை உள்ள நம் ஆட்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். உங்கள் தொகுதியின் மாநில உறுப்பினருக்கு, செனட்டருக்கு எழுதுங்கள். மறுத்த கிளெய்ம் கடிதம் கையில் இருந்தால் அதன் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.