பதிவு எண்ணிக்கையும் பயன்பாடும் ஒன்றல்ல

இந்தியாவுக்குரிய ‘.in’ என்று முடியும் இணைய முகவரிகளான டாட் இன் பெயர்கள் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பெருகுவதை, அவற்றைப் பற்றி இங்கு வெளியான கட்டுரை ஒரே வளர்ச்சியாகக் காட்டுகிறது. இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1992 முதல் 2004 வரை சுமார் 7,000 பெயர்களே பதிவாகியிருந்தன. 2005இல் விதிகள் தளர்ந்து, எந்த நாட்டவரும் நேரடியாக வாங்கலாம் என்றான பிறகு, 2010 மார்ச்சில் அந்த எண்ணிக்கை 6,10,000ஐத் தாண்டியது. அவற்றில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் இந்தியாவிலிருந்து பதிவானவை. ‘இன்’ என்பது ஆங்கிலத்தில் தனிச் சொல்லாகவும் இருப்பதால் வெளிநாட்டாரை அது ஈர்க்கிறது. தொழில்முறைத் தொடர்புத் தளமான லிங்க்ட்இன் தன் சுருக்க இணைப்புகளுக்குப் பயன்படுத்தும் பெயர்கூட (lnkd.in) அப்படித்தான் முடிகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுவிற்பனைக்காகப் பெயர்களை வாங்கி முடக்கி வைப்பதுதான் எங்களைப் பாதிக்கிறது. சாயல்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் நாங்கள் எங்கள் கடைப் பெயரைத் தேடியபோது, ‘விற்பனைக்கு’ என்ற ஒற்றை வரியோடு ஒரு வெற்றுப் பக்கம் வந்தது. கேட்ட விலையோ ஒரு பருவத்து இலாபத்தைவிட அதிகம். வணிகக்குறி உரிமை உள்ளவர்கள் நடுவர் தீர்ப்பின் வழியே பெயரை மீட்கலாம். எங்களைப் போன்றவர்களிடம் அந்தப் பதிவு ஏது? கடைசியில் ஊர்ப்பெயரைச் சேர்த்து, இடையில் சிறு கோடு போட்டு வாங்கினோம். ஓலைக் கொட்டானில் ஒட்டும் சீட்டில் அந்தக் கோடு மங்கிவிடுவதால், “நடுவில் ஒரு கோடு உண்டு” என்று தொலைபேசியில் தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த கட்டுரையில், பதிவானவற்றுள் எத்தனை பெயர்களில் உண்மையாகவே தளம் இயங்குகிறது என்பதையும், தமிழிலேயே உள்ள ‘.இந்தியா’ முகவரியை எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதையும் ஆசிரியர் எழுத வேண்டுகிறேன்.