ஏப்ரலில் முடிந்த லீக்கிற்கு ஜூலையில் சாம்பியன்

2024-25 ஐ-லீக் கால்பந்துப் போட்டி முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது. என் கோபம் மட்டும் ஆறவில்லை. கடைசி ஆட்டங்கள் நடந்தது ஏப்ரல் 6. சாம்பியன் யார் என்று உறுதியானது ஜூலை 18. அதையும் சொன்னது சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டுத் தீர்ப்பாயம்.

அந்த ஏப்ரல் 6-ஐ எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்த நாள். ஊரெல்லாம் பாலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, மாலையில் தெற்குவாடிப் பிள்ளைகள் கரையேற்றிய படகின் நிழலில் ஒரே கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்து மூன்று ஆட்டங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஸ்ரீநகரில் சர்ச்சில் பிரதர்ஸ் ரியல் காஷ்மீருடன் 1-1. இன்டர் காசி ராஜஸ்தான் யுனைடெட்டை 3-1 என வென்றது. கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா டெம்போவிடம் 3-4 எனத் தோற்றபோது, அந்த அணிக்காகத் தொண்டை கட்டக் கத்திய பையன் ஒரு கை மணலை அள்ளி வீசிவிட்டு எழுந்து போய்விட்டான். மற்றவர்களில் பாதிப் பேர் காசி பக்கம். காசியிலிருந்து வரும் யாத்திரிகர்களை அன்றாடம் பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் ஒன்றே போதும். (அந்த அணியின் சொந்த மைதானம் அப்போது காசியில் இல்லை, வங்காளத்துக் கல்யாணியில் என்பது வேறு வருத்தம்.)

சர்ச்சிலுக்கு 40 புள்ளி, காசிக்கு 39. ஆனால் ஜனவரியில் காசியை 2-0 என வென்ற நாம்தாரி அணி, மஞ்சள் அட்டைகளால் தடையில் இருக்க வேண்டிய ஒருவரை அன்று களமிறக்கியிருந்தது. கால்பந்துச் சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு மூன்று புள்ளிகளையும் காசிக்குக் கொடுத்தது. மேல்முறையீட்டுக் குழு ஏப்ரலில் அதைத் திருப்பிப் போட்டது; சர்ச்சிலைச் சாம்பியனாக அறிவித்தார்கள். ஜூனில் தீர்ப்பாயம் அந்த முடிவை ரத்து செய்தது. காசியின் வெளிநாட்டு வீரர் ஒருவரின் மறுபதிவு பற்றிய வழக்கு ஜூலைவரை இழுத்தது. கடைசியில் காசியே சாம்பியன்.

தீர்ப்பில் எனக்குக் குறையில்லை. தடையில் இருப்பவரை இறக்கினால் புள்ளி போகத்தான் வேண்டும். என் ஆத்திரம் தாமதத்தின் மேல். இந்தக் கரையில் மீன்பிடித் தடைக்காலத்தில் நடக்கும் எழுவர் போட்டியில்கூட, மேசையில் உட்காரும் பெரியவர் விசில் ஊதும் முன்பே பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிடுவார். புகார் வந்தால் அன்று பொழுது சாய்வதற்குள் பேசி முடித்துவிடுவார்கள்.

2019 மார்ச் 9 நினைவிருக்கிறதா? கோவையில் மினர்வா பஞ்சாபுக்கு எதிராக 0-1 எனப் பின்தங்கிய சென்னை சிட்டி, 3-1 என வென்று 43 புள்ளிகளுடன் ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி. கோப்பை யாருக்கு என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. சென்னை சிட்டி இன்று அந்த லீக்கில் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வேறொன்றும் வரவில்லை.

இரண்டாம் நிலை லீக்தானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. குமரிக் கடற்கரையில் இரவிபுத்தன்துறை என்ற மீனவ ஊரில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டிக்காக ஐ-லீக்கில் ஆடித்தான் மேல் லீக்கான ஐ.எஸ்.எல்.லுக்குப் போனார். எங்கள் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிற வழி அது. 2022-23 முதல் ஐ-லீக்கில் பட்டம் வென்றால் மேல் லீக்கில் இடம் என்ற ஏற்பாடும் வந்துவிட்டது. அப்படியானால் கோப்பையோடு அடுத்த வருடப் பிழைப்பும் அதில் தொங்குகிறது. நம் நாட்டில் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மே மாதத்தோடு முடிபவை. எந்த லீக்கில் ஆடப் போகிறோம் என்றே தெரியாத அணி, ஜூன் மாதத்தில் யாரிடம் என்ன சம்பளம் பேசும்?

கால்பந்துச் சம்மேளனத்திடம் நான் கேட்பது பெரிதல்ல. தடையில் இருப்பவர்களின் பட்டியலை ஆட்டத்துக்கு முந்தின நாளே இரண்டு அணிகளுக்கும் எழுத்தில் கொடுங்கள். புகாருக்குப் பத்து நாள், மேல்முறையீட்டுக்கு இன்னொரு பத்து நாள் என்று கெடு வையுங்கள். கடைசிச் சுற்று தொடங்கும்போது ஒரு புள்ளிகூட வழக்கில் இருக்கக் கூடாது. மஞ்சள் அட்டையை எண்ணிப் பார்க்க ஐந்து மாதம் எதற்கு?